இரண்டாவது சரி

அந்தப் போட்டியில் ஜெயித்தது நாங்கள்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை காத்திருந்து கைதட்டலாம் என்று யாராவது நினைத்தால், அந்தக் கைதட்டல் எல்லாம் டிவியிலேயே முடிந்துவிட்டது. மேலேயிருந்து பலூன்கூடக் கொட்டினார்கள். மெத்தைக் கம்பெனி எங்களுக்குக் கிடைத்தது. அம்மாவுக்கு அத்தை இல்லாமல் போனாள்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை, அம்மாவுக்கு நாத்தனார். அப்பா போன பிறகு அம்மா எங்களிடம் பேசியதெல்லாம் "சாப்பிட்டியா", "கதவைச் சாத்து" அளவுக்குத்தான். ஆனால் தினமும் விளக்கேற்றும் நேரத்துக்கு அத்தையிடமிருந்து போன் வரும். அப்போது பார்க்க வேண்டும். ஒரு காலை மடித்து உட்கார்ந்து, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, சின்னப் பெண் மாதிரி சிரிப்பாள். பக்கத்தில் யார் போனாலும் கையை ஆட்டி விரட்டுவாள். அவள் உயிரோடு இருக்கிறாள் என்று எங்களுக்குத் தெரிவதே அந்த நேரத்தில்தான்.

நாத்தனாரும் அண்ணியும் இப்படி ஒட்டிக்கொண்டு திரிவது எங்கள் குடும்பத்தில் தொற்று வியாதி. நானும் என் அண்ணியும் சேர்ந்து விளம்பரக் கம்பெனி ஆரம்பித்ததே அப்படித்தான். அண்ணன் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தான்.

அண்ணி அதற்கு முன் ஒரு பெரிய விளம்பரக் கம்பெனியில் இருந்தாள். பெண்கள் வாங்கும் சாமானுக்கு அங்கே ஆண்கள் உட்கார்ந்து வசனம் எழுதுவார்கள். அந்த விளம்பரங்களில் வரும் பெண்கள் துணி துவைத்து முடித்ததும் சுற்றிச் சுற்றி ஆடுவார்கள். நான் துணி துவைத்து முடித்து ஒருநாளும் ஆடியதில்லை, என் இடுப்பு அதற்கு ஒத்துக்கொள்ளாது. "இதை நாமே ஒழுங்கா பண்ணலாம்" என்றாள் அண்ணி. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த நான் வேலையை விட்டுவிட்டு வசனம் எழுத உட்கார்ந்தேன். படம் போட ஒரு பெண் சேர்ந்தாள், அவளுக்குப் பேரே படக்காரி என்றாகிவிட்டது. மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே ஒரு மாடி. எங்கள் ஜன்னலுக்கு வெளியே கடைக்காரர் மாட்டியிருந்த பிரமாண்டமான மூக்குக்கண்ணாடியின் இடது பக்கம் தொங்கும். அதன் வழியாகத்தான் நாங்கள் தெருவைப் பார்ப்போம்.

எங்கள் வேலை முறை கொஞ்சம் தனி. எந்தச் சாமான் வந்தாலும் புதன்கிழமை மதியம் பத்துப் பன்னிரண்டு பெண்களைக் கூப்பிடுவோம். டீ கொடுப்போம். சாமானை நடுவில் வைத்துவிட்டுப் பேசாமல் உட்காருவோம். கேமரா கிடையாது, ரெக்கார்டு கிடையாது. அவர்களே பேசுவார்கள். யாராவது சொன்ன வார்த்தை விளம்பரத்துக்கு ஆகும் போலிருந்தால் அவரிடம் அனுமதி கேட்போம். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. முதல் தடவை அன்றைக்கே. அப்புறம் இரண்டு மூன்று ராத்திரி அவர் தூங்கி எழுந்த பிறகு, அவர் வீட்டுக்கே போய், இன்னொரு தடவை.

ஏன் இரண்டு என்று நான் முதலில் சண்டை போட்டேன். "முதல் சரி மரியாதைக்குச் சொல்றது" என்றாள் அண்ணி. "டீ குடிச்ச வாய் எப்படி வேண்டாம்னு சொல்லும்? அதுவும் போக, முதல் தடவை பாதிதான் வரும். மீதி ரெண்டாவது தடவைதான் வரும். உங்கம்மாகிட்டதான் இதைக் கத்துக்கிட்டேன். அவங்க எதையும் ரெண்டு தடவை கேக்காம விடமாட்டாங்க, பாத்திருக்கியா?"

அவள் சொன்னது பொய்யில்லை. ஒரு சாப்பாட்டு டப்பா வந்தது. வந்திருந்த ஒருவர், "இதைத் திறக்கறப்ப டப்புனு ஒரு சத்தம் வருது பாருங்க, அது எனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றார். நான் குதித்தேன், விளம்பரம் முடிந்தது என்று. இரண்டாவது தடவை அவர் வீட்டில் போய் உட்கார்ந்தபோது மீதி வந்தது. படுத்த படுக்கையாக இருக்கும் மாமனார். பக்கத்து அறையில் அந்த டப் சத்தம் கேட்டால் இன்றைக்கு அவர் சாப்பிடுகிறார் என்று அர்த்தம். கேட்காத நாளும் உண்டு. கடைசியில் "சரி, போட்டுக்கோங்க" என்றுதான் சொன்னார். வெளியே வந்ததும் அண்ணி, "வேண்டாம், வேற எழுது" என்றாள்.

"சரின்னு சொன்னாங்களே அண்ணி!"

"சொன்னாங்க. முகத்தைப் பாத்தியா?"

இப்படித் தொழில் பண்ணினால் எத்தனை கம்பெனி வரும்? ஒரு குடைக் கம்பெனியும் ஒரு பல் டாக்டரும் வந்தார்கள். ஆனால் புதன்கிழமைகளுக்கு அம்மா வர ஆரம்பித்தாள். அண்ணிதான் இழுத்து வந்தாள். முதல் சில வாரம் பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் போலக் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்திருந்தாள். குடை வந்த அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள். "இதுக்குக் கீழ ஒரு ஆள்தான் நிக்கலாம் போலிருக்கே. இதை வாங்கறவங்களுக்கு வேற யாருமே கிடையாதா?" என்றாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மா முகம் சிவந்துபோய், அன்றைக்கு போனில் அத்தையிடம் அதையே மூன்று விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் டிவிக்காரர்கள் வந்தார்கள். ஒரு கம்பெனி, இரண்டு விளம்பர ஏஜென்சி, யார் ஜெயிக்கிறார்களோ அவர்களுக்கு அந்தக் கம்பெனி. இதுதான் நிகழ்ச்சி. எங்களுக்கு எதிரே நிறுத்தியது அண்ணி வேலை பார்த்த அதே பெரிய இடத்தை. அதன் தலைவர் எப்போதும் கறுப்புச் சட்டை போடுவார். அவருக்குக் கீழே இருப்பவர்களும் கறுப்புச் சட்டை போடுவார்கள். கம்பெனி, மெத்தை செய்கிற கம்பெனி. அதன் முதலாளி, கண்ணில் படுவதையெல்லாம் உள்ளங்கையால் அழுத்திப் பார்க்கிற பழக்கம் உள்ளவர். எங்கள் மேஜையையும் அழுத்திப் பார்த்தார்.

இது கிடைக்கவில்லை என்றால் கடையை மூட வேண்டியதுதான் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். படக்காரி ஏற்கெனவே வேறு இடத்தில் விசாரித்துக்கொண்டிருந்தாள். அண்ணி மறுபடி கறுப்புச் சட்டையிடம் போய் நிற்க வேண்டும். அந்த வாரம் முழுக்க அவள் சரியாகத் தூங்கவில்லை.

நிகழ்ச்சியை எடுத்த பெண் கழுத்தில் எந்நேரமும் ஹெட்போன் மாட்டியிருந்ததால் நாங்கள் அவளை ஹெட்போன் என்றே கூப்பிட்டோம். நல்ல பெண்தான். எதைச் சொன்னாலும் "சூப்பர்க்கா" என்பாள். புதன்கிழமைக் கூட்டத்தை எடுக்கக் கூடாது என்று அண்ணி வெட்டொன்று துண்டிரண்டாகச் சொன்னதற்கு மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு கேமராக்காரரோடு படியில் உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்கு அறை நடுவில் மெத்தை கிடந்தது. வந்த பெண்கள் ஏறி உட்கார்ந்தார்கள், குதித்தார்கள், ஒருவர் குறட்டை விட்டு நடித்துக் காட்டினார். அம்மா ஏறவில்லை. எல்லோரையும் அனுப்பி வைக்க நான் கீழே போயிருந்தேன். மேலே அம்மாவும் அண்ணியும் கலைந்த விரிப்பைச் சரி பண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பி வந்தபோது அண்ணி வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கம்மா என்ன சொன்னாங்க தெரியுமா?"

விரிப்பின் முனையைச் செருகிக்கொண்டே சொன்னாளாம். இத்தனை வருஷமும் கட்டில் ஓரத்துலயேதான் படுத்தேன். இப்ப கட்டில் முழுக்க எனக்குத்தான். ஆனா நடுவுல படுக்கத் தெரியல.

எனக்கு முதலில் வந்தது பொறாமை. பெற்ற மகள் நான் கீழே செருப்பு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், இவள் மருமகளிடம் இதைச் சொல்கிறாள். அப்புறம்தான் உடம்பு சிலிர்த்தது. உட்கார்ந்தேன், எழுதினேன். 'இனி நடுவில் படுங்கள்.' அவ்வளவுதான் விளம்பரம். படக்காரி அதைப் பார்த்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

முதல் தடவை அன்றைக்கே கேட்டோம். அம்மா கைப்பையில் வீட்டுச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள். "இதுல என்ன இருக்கு? உங்களுக்கு உதவும்னா எடுத்துக்கோங்க, சரி" என்றாள்.

இரண்டாவது தடவைதான் கெட்டது. படக்காரி வாய் சும்மா இருக்காமல் எங்கள் வழக்கத்தை ஹெட்போனிடம் சொல்லிவிட்டாள். அவளுக்குக் கண் விரிந்துவிட்டது. "சூப்பர்க்கா! கூட்டத்தைத்தான் எடுக்க விடல. இதையாவது எடுக்க விடுங்க. மாமியார்கிட்ட மருமக வீட்டுக்கே போய் ரெண்டாவது தடவை பர்மிஷன் கேக்கறாங்க. ஜனங்க உருகிடுவாங்க."

அண்ணி தயங்கினாள். "அது காட்டறதுக்கு பண்றது இல்லமா."

"புரியுதுக்கா. ஆனா அந்த டீம் என்ன பண்றாங்க தெரியுமா? கிரேன்ல மெத்தையைத் தூக்கி, மேலேருந்து ஒருத்தர் அதுல குதிக்கறார். உங்ககிட்ட காட்ட என்னக்கா இருக்கு?"

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே தொங்கிய கண்ணாடியைப் பார்த்தேன். அண்ணி சரி என்றாள்.

அம்மா அறைக்குள் இரண்டு விளக்கு, ஒரு கேமரா, நீளக் கம்பில் மைக். கட்டில் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. நான் பிறந்ததிலிருந்து அது அங்கேதான். கேமராவுக்கு இடம் போதவில்லை என்று அதை இழுத்து நடு அறையில் போட்டார்கள். "கட்டில் சுவரோரமே இருக்கட்டுமே" என்று அம்மா இரண்டு தடவை சொன்னாள். "ஆங்கிள்மா" என்று பதில் வந்தது. அவள் முகத்தில் பவுடர் போட்டு, அந்தக் கட்டிலின் நடுவிலேயே உட்கார வைத்தார்கள். யாரோ வீட்டுக்கு வந்தவள் மாதிரி கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அண்ணி வசனத்தை வாசித்துக் காட்டினாள். "அம்மா, இதைச் சொன்னது நீங்கதானே? இதை எல்லாருக்கும் சொல்லலாமா?"

அம்மா அண்ணியைப் பார்க்கவில்லை, விளக்கைப் பார்த்தாள். "சொல்லலாம். ஆனா ஒண்ணு..."

தெருவில் ஒரு பைக் உறுமிக்கொண்டு போனது. மைக் பிடித்தவர் கையைத் தூக்கினார். "சவுண்ட் போச்சு. ஒன்மோர்."

மறுபடி கேட்டாள் அண்ணி. இந்தத் தடவை அம்மா, "சரி" என்றாள்.

"சூப்பர்மா! அதையே லேசா சிரிச்சுட்டு."

அம்மா சிரித்துக்கொண்டு, "சரி" என்றாள். அவ்வளவுதான், விளக்கை அணைத்தார்கள். கட்டிலை நானும் அண்ணியும்தான் மறுபடி சுவரோரம் தள்ளினோம். அம்மா முகம் கழுவப் போய்விட்டாள்.

படியிறங்கும்போது அண்ணி சொன்னாள். "ஏதோ சொல்ல வந்தாங்க இல்ல?"

"ம்."

"நாளைக்குக் கேப்போம்."

நாளைக்கு ஸ்டுடியோ. தலைகால் புரியாத நாள். யாரும் கேட்கவில்லை. அண்ணிமேல் கோபப்பட எனக்கு இன்னும் தோன்றும், ஆனால் அந்த 'ஆனா' என் காதிலும்தான் விழுந்தது. ஊரிலிருக்கிற பெண்களின் சரியையெல்லாம் திருப்பிப் போட்டுப் பார்த்த நாங்கள், சொந்த வீட்டுப் பெண்ணின் சரியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டோம்.

ஸ்டுடியோவில் கறுப்புச் சட்டைகள் முதலில் வந்தார்கள். குதித்தவர் நன்றாகத்தான் குதித்தார். முதலாளி மரியாதைக்குத் தலையாட்டினார். அப்புறம் அண்ணி மேடையேறினாள். அவள் குரல் நடுங்கியது, அதுவே அழகாக இருந்தது. திரையில் அம்மா முகம் பெரிதாக வந்தது, பவுடர், கோத்த கைகள், லேசான சிரிப்பு, "சரி." பிறகு வசனம். மெத்தை முதலாளி கைக்குட்டையை எடுத்தார். கேமரா முன்வரிசைக்குத் திரும்பி அம்மாவைக் கண்டுபிடித்தது. நிகழ்ச்சி நடத்துபவர் மைக்கோடு ஓடிவந்தார்.

"அம்மா, உங்க மனசைத் தொட்டுச் சொல்லுங்க. வீட்டுக்காரர் உங்களுக்குக் கொஞ்சம்கூட இடம் குடுக்கலையா?"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா, "அய்யோ, அப்படியெல்லாம் இல்லைங்க" என்று ஆரம்பித்தாள். அதற்குள் பாட்டுப் போட்டுவிட்டார்கள். பலூன் கொட்டியது. அண்ணி மேடையிலிருந்து ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அம்மா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். நான் அழுதேன், வெட்கம் கெட்டு, சந்தோஷத்தில்.

நிகழ்ச்சி டிவியில் வந்த அன்றைக்கு விளக்கேற்றும் நேரத்துக்கு முன்பே போன் அடித்தது. அம்மா ஆசையாக எடுத்தாள். எடுத்த வேகத்தில் ஸ்பீக்கரில் விழுந்துவிட்டது. அதனால் நாங்கள் எல்லோருமே கேட்டோம்.

"எங்கண்ணன் உங்களுக்குப் படுக்க இடம் குடுக்கலையா அண்ணி?"

அத்தை அழுதிருந்தாள் என்று குரலிலேயே தெரிந்தது. அப்பா அவளுக்கு அண்ணன் மட்டும் இல்லை. சின்ன வயதிலேயே பெற்றவர்கள் போய்விட, அவளை வளர்த்தது அவர்தான். அப்பா கரண்டு ஆபீசில் கம்பம் ஏறுகிற வேலை பார்த்தார். புயலடித்து ஊரே இருட்டில் கிடக்கும்போது அண்ணன் கம்பத்தின் உச்சியில் நிற்பதைக் கீழேயிருந்து பார்த்த கதையை அத்தை எங்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாள். பயம் என்றால் என்னவென்று தெரியாத மனுஷன் என்பாள்.

"செத்தவரை டிவியில நிறுத்தி வெச்சு ஊரே சிரிக்குது அண்ணி. சொல்லுங்க, அப்படித்தானா?"

"அப்படி இல்லமா."

"பின்னே ஏன் ஓரத்துல படுத்தீங்க? ஏன் அப்படிச் சொன்னீங்க?"

அம்மா வாய் திறந்தது, மூடிக்கொண்டது. சொல்லு, சொல்லு என்று நான் ஜாடை காட்டினேன். அண்ணி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அத்தை கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அப்புறம் வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து போன் வரவில்லை. அம்மா கூப்பிட்டாலும் எடுக்கவில்லை.

அண்ணி மன்னிப்புக் கேட்கப் போனாள். அத்தை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, டீ கொடுத்து, வெயிலைப் பற்றிப் பேசினாளாம். கிளம்பும்போது, "பெரிய ஆளாயிட்டே, சந்தோஷம்" என்றாளாம். அதற்குப் பதில் கன்னத்தில் இரண்டு அறை கொடுத்திருக்கலாம் என்று அண்ணி வந்து அழுதாள். அடுத்து நான் போனேன். என்னிடம் அத்தை பூசி மெழுகவில்லை. "உங்கம்மாவை வரச்சொல்லு. ஏன் ஓரத்துல படுத்தாங்கன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லட்டும். நான் நம்பிக்கறேன். எனக்கு மட்டும் ஆசையா, அவங்களோட பேசாம இருக்க?"

நான் ஓடோடி வந்து அம்மாவிடம் சொன்னேன். ஒரு வார்த்தை, அவ்வளவுதான். எழுந்து வா, இப்பவே போகலாம்.

"சொல்ல முடியாதுடி."

"என்னம்மா வீம்பு இது?"

"சொல்ல முடியாது" என்றாள் மறுபடி. நான் கன்னாபின்னாவென்று கத்தினேன். கௌரவம் பார்க்கிறாய், பிடிவாதம், உன்னால்தான் என்றெல்லாம். எனக்கு வாய் நீளம். அவள் போன் இருக்கும் மேஜையைத் துணியால் துடைத்தாள்.

விளம்பரம் மட்டும் எங்கே பார்த்தாலும் இருந்தது. பஸ்ஸின் பின்னால், ரயில் நிலையத்துச் சுவரில், ஆஸ்பத்திரிக்கு எதிரே. 'இனி நடுவில் படுங்கள்.' நிறையப் பெண்கள் எங்களுக்கு எழுதினார்கள். பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருக்கும் ஒருவர், முதல் தடவையாகக் கையைக் காலை நீட்டிப் படுத்தேன், அப்படியே அழுதுவிட்டேன் என்று எழுதியிருந்தார். பொய் சொல்லக் கூடாது, அந்த வசனத்தால் யாருக்கோ நல்லது நடந்துதான் இருக்கிறது. பெரிய பெரிய கம்பெனிகள் வந்தன. கண்ணாடிக் கடைக்காரரின் மேல் மாடியையும் எடுத்துக்கொண்டோம். இப்போது எங்கள் ஜன்னலிலிருந்து கண்ணாடி தெரிவதில்லை, தெரு நேராகத் தெரிகிறது.

மெத்தை முதலாளி இருப்பதிலேயே ஒசத்தியான மெத்தையை அம்மாவுக்கு அனுப்பி வைத்தார். திருப்பி அனுப்பினால் மரியாதையாக இருக்காது என்று அம்மா போட்டுக்கொண்டாள். புதன்கிழமைகளுக்கு வந்தாள். ஆனால் உட்காரமாட்டாள். டீ ஊற்றுவாள், கோப்பைகளை எடுத்துப் போவாள். சாமானைக் காட்டி, "எப்படிம்மா இருக்கு?" என்றால், "நல்லா இருக்கு" என்பாள். எது வந்தாலும் நல்லா இருக்கு. புதிதாக வரும் பெண்கள் அவளை வேலைக்கு இருப்பவள் என்று நினைத்துக்கொண்டார்கள். அண்ணியும் நானும் எங்களுக்குள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. முன்பு போல ஒருவர் காதை ஒருவர் கடித்துக்கொண்டு சிரிப்பதும் குறைந்துபோனது.

விளக்கேற்றும் நேரத்துக்கு அம்மா போன் பக்கத்தில் உட்காருவதை மட்டும் விடவில்லை. கீரை ஆய்வாள், பட்டன் தைப்பாள், ஏதாவது ஒன்று. போனைப் பார்க்கமாட்டாள். அது அடித்தால் யாரையாவது எடுக்கச் சொல்வாள்.

அத்தை திடீரென்று போய்விட்டாள். நெஞ்சு வலி என்று காலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், மதியம் செய்தி வந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசல் நிறையச் செருப்பு. அத்தையின் மகள் அண்ணியையும் என்னையும் கண்டுகொள்ளவில்லை, அம்மாவுக்கு ஒரு நாற்காலி எடுத்துப் போட்டாள். வெளி வராந்தாவில், கடைசி வரிசையில். அம்மா அதில் உட்காரவில்லை. உள்ளே போய் அத்தையின் காலடியில் நின்று பார்த்தாள். உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வரும்போது காரில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வீட்டுக்கு வந்து விளக்கை ஏற்றிவிட்டு, போன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அப்புறம் அழுதாள்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் அறையில் விரிப்பு மாற்ற உதவிக்குப் போனேன். பழைய விரிப்பை உருவினேன். முதலாளி பெருமைப்பட்டுக்கொள்ளும் மெத்தையின் நடுப்பக்கம், வந்த அன்றைக்கு இருந்தது போலவே இருந்தது. சுவர் இல்லாத பக்கத்து ஓரம் மட்டும், ஒரு ஆள் அகலத்துக்கு, அமுங்கியிருந்தது. எத்தனை நாள் இப்படி மூடி மூடி வைப்பது?

"அம்மா, அன்னிக்கு கேமரா முன்னாடி ஆனா ஒண்ணுன்னு ஆரம்பிச்சியே. என்னம்மா அது?"

அவள் புது விரிப்பை உதறினாள். "இப்ப எதுக்கு?"

"அப்பவே கேட்டிருக்கணும். கேக்கல. இப்பவாவது சொல்லு."

விரிப்பின் இரண்டு முனைகளைச் செருகி முடித்துவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"உங்கப்பாவுக்கு விழற மாதிரி கனவு வரும். வேலைக்குச் சேர்ந்த புதுசுல, கூட ஏறினவர் அவர் கண்ணு முன்னாடியே கம்பத்துலேருந்து விழுந்துட்டார். கல்யாணத்துக்கு முன்னாடியே நடந்தது இது. அதுலேருந்து தூக்கத்துல உதறிப்போட்டு எழுந்திருப்பார். ரெண்டு தடவை கட்டில்லேருந்தே விழுந்திருக்கார். அதான் கட்டிலை சுவரோட ஒட்டிப் போட்டது. ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் நான். நான் ஓரத்துல இருந்தாதான் அவருக்குத் தூக்கமே வரும்."

"அந்தப் பயத்தோடவா தினம் கம்பம் ஏறினார்?"

"ஏறாம? சாப்பிட வேண்டாமா?" என்றாள் அம்மா. "எனக்கும் கோவம் வரும்டி. திரும்பிப் படுக்க முடியாது, ஒரு பக்கமே மரத்துப்போகும். அன்னிக்கு உங்கண்ணிகிட்ட அந்தக் கோவத்துலதான் சொன்னேன். அதுவும் நிஜம்தான். ஆனா பாதி நிஜம்."

இதுதான் அந்த மீதி. பைக் சத்தம் ஒன்று குறுக்கே வராமல் இருந்தால், நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்குப் படியிறங்காமல் திரும்பிப் போயிருந்தால், இது எங்கள் கைக்கு வந்திருக்கும். விளம்பரம் வேண்டாம் என்று அண்ணி சொல்லியிருப்பாள். கடை மூடியிருக்கும், மூடியிருந்தால் என்ன?

"இதை அத்தைகிட்ட சொல்லியிருக்கலாமேம்மா! ஒரு வார்த்தை! அவங்க அதைத்தானே கேட்டாங்க?"

"அவகிட்ட மட்டும்தான் சொல்லக் கூடாது. அவளுக்கு அவர் பயமே தெரியாத அண்ணன். அவ முன்னாடி அப்படியே இருக்கணும்னு அவருக்கு ஆசை. இப்ப அவளும் போயிட்டா. அதான் உன்கிட்ட சொல்றேன்."

"அப்பாதான் போயிட்டாரே. அவருக்குத் தெரியவா போகுது?"

அம்மா என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. புரியாத பிள்ளைக்குச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

"கடைசியா ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப கேட்டேன், உங்க தங்கச்சிகிட்ட மட்டும் சொல்லட்டுமா, அவ கேட்டா தப்பா நினைக்க மாட்டா, சிரிக்கத்தானே செய்வான்னு. வேண்டாம்னார். வலியில சொல்றாரோன்னு நினைச்சு, ரெண்டு நாள் விட்டு மறுபடியும் கேட்டேன். அப்பவும் வேண்டாம்னார். ரெண்டு தடவை கேட்டாச்சு. அப்புறம் எப்படிடி சொல்றது?"

எழுந்து தலையணை உறையை எடுத்து, அந்த முனையைப் பிடி என்றாள். பிடித்துக்கொண்டேன்.